தெருவுக்கு ஒரு டாக்டர் – 9: வராதவர்கள்

போன வாரம் பிராங்க்ஸ் வாசலில் நிறுத்தியிருந்தேன். நியூயார்க், மான்டிஃபியோர் மருத்துவமனை, 1970, சமூக மருத்துவத்துக்கென்றே ஒரு ரெசிடென்சி, அதாவது பட்டம் வாங்கிய டாக்டர்களுக்கான மேற்பயிற்சி. அவ்வளவு நினைவிருந்தால் போதும், மற்றதைப் பழைய இதழில் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாண்டு டாக்டர்களை அங்கே எப்படிப் பழக்குகிறார்கள் என்று இந்த வாரம் சொல்வதாக வாக்கு. சொல்கிறேன். ஆனால் நடுவில் ஒரு படம் வந்து குறுக்கே உட்கார்ந்துவிட்டது. பக்கம் முடிக்கிற நேரத்தில் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது ஆசிரியருக்குத் தெரிய வேண்டாம்.

படம் என்றால் வெறும் கட்டங்கள்தான். பெரிய கட்டத்துக்குள் சின்னக் கட்டம், அதற்குள் இன்னும் சின்னது. 1961ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் கெர் ஒயிட் என்பவர் இரண்டு சகாக்களோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் வந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஏற்கெனவே இருந்த கணக்குகளைச் சேர்த்து அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: ஆயிரம் பெரியவர்கள் இருக்கிறார்கள், ஒரு மாதத்தில் அவர்கள் உடம்புக்கு என்ன வருகிறது, வந்தால் எங்கே போகிறார்கள்?

750 பேருக்கு ஏதோ ஒன்று வருகிறது. சளி, முதுகுவலி, விரலில் வெட்டு, தூக்கமின்மை. அவர்களில் 250 பேர் டாக்டரிடம் போகிறார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். 5 பேரை அவர்களுடைய டாக்டர் இன்னொரு டாக்டரிடம் அனுப்புகிறார். பல்கலைக்கழக மருத்துவமனை வரைக்கும் போய்ச் சேர்கிறவர் ஒரே ஒருவர்.

மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் நடந்தது அந்த ஒருவரின் கட்டிலைச் சுற்றி நின்றுதான்! அபூர்வமான கல்லீரல், அபூர்வமான இதயம், பேராசிரியர் ரவுண்ட்ஸ் வரும்போது பின்னால் ஒரு கூட்டம். ஆறேழு வருஷம் இப்படிப் பழகிவிட்டு வெளியே வருகிறவருக்கு மற்ற 249 பேரும் ‘சாதா கேஸ்’. சலிப்பு வரத்தான் செய்யும். சலித்துப்போனவரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் கையில் கொடுத்த பாடப்புத்தகம் அப்படி.

என் கண் நின்றது அந்த ஒருவரிடம்கூட இல்லை. 750ல் 250 போனால் 500. உடம்புக்கு முடியாமல் இருந்தும் எந்த டாக்டரின் கண்ணிலும் படாத 500 பேர். இவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு டாக்டர் தேவையில்லாமலே சரியாகியிருக்கலாம். மிச்சப் பேர்? பஸ்ஸுக்குக் காசில்லாதவர், லீவு கிடைக்காதவர், போன தடவை கவுன்ட்டரில் அவமானப்பட்டுத் திரும்பியவர், தனக்குப் பிரஷர் இருப்பதே தெரியாதவர். வார்டில் எத்தனை வருஷம் நின்றாலும் இவர்களைப் பற்றி ஒரு வரிகூடக் கற்க முடியாது. வந்தால்தானே கற்பதற்கு.

2001ல் லாரி கிரீன் என்பவரும் சகாக்களும் இந்தக் கணக்கைத் திரும்பப் போட்டார்கள். இந்தத் தடவை குழந்தைகளையும் சேர்த்து. ஆயிரத்தில் 800 பேருக்கு ஏதோ ஒரு உபாதை, 217 பேர் டாக்டரின் கிளினிக்குக்குப் போனார்கள், 8 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்ந்தது ஒருவருக்கும் குறைவு. நடுவில் நாற்பது வருஷம். ஸ்கேன் வந்தது, பைபாஸ் வந்தது, காப்பீடு வந்தது, கட்டங்கள் கிட்டத்தட்ட அப்படியே நிற்கின்றன. நானும் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். சரி, போதும்.

முதல் படம் வந்து ஐந்து வருஷம் கழித்து, 1966ல், டாக்டர் பயிற்சியைப் பற்றி அமெரிக்காவில் ஒரு அறிக்கை வந்தது. குழுவுக்குத் தலைவர் ஜான் மில்லிஸ். இவர் டாக்டரே கிடையாது. இயற்பியல்காரர், கிளீவ்லாண்டில் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் தலைவர். உறுப்புக்கு ஒரு நிபுணர் இருக்கிற ஊரில் முழு மனிதரைப் பார்க்க ஒருவர் வேண்டும், அவருக்கும் நிபுணருக்குக் கொடுக்கிற அளவு பயிற்சி வேண்டும் என்பது அறிக்கையின் சாரம். 1969 பிப்ரவரியில் குடும்ப மருத்துவம் அமெரிக்காவின் 20வது சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றது. மூன்று வருஷ ரெசிடென்சி. இதில் எனக்குப் பிடித்த சமாச்சாரம் ஒன்று உண்டு. முப்பது வருஷமாகப் பிராக்டிஸ் செய்கிற சீனியர்களுக்கும் சும்மா பட்டம் கொடுக்க மாட்டோம், எல்லோரும் பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். ஒரு தடவை எழுதினால் ஆயுசுக்கும் என்பதும் இல்லை, சில வருஷங்களுக்கு ஒரு முறை திரும்ப எழுத வேண்டும். அதுவரை அந்த நாட்டில் எந்தச் சிறப்புத் துறையும் தன் ஆட்களிடம் இப்படிக் கேட்டதில்லை. கடைசியாக வந்த துறை, முதல் காரியமாகப் பெரியவர்களைப் பரீட்சை ஹாலில் உட்காரவைத்தது.

பயிற்சியின் அச்சாணி, ஒவ்வொரு ரெசிடென்டுக்கும் சொந்தமாக ஒரு நோயாளிப் பட்டியல். முதல் வருஷம் சேர்ந்த உடனே கையில் கொடுத்துவிடுவார்கள். இந்தப் பாட்டி, இந்தப் பாட்டியின் மகள், மகளின் கைக்குழந்தை எல்லோரும் உன் ஆட்கள். வார்டில் ஒரு மாதம், பிரசவ அறையில் ஒரு மாதம், அவசர சிகிச்சையில் ஒரு மாதம் என்று ரெசிடென்ட் எங்கே சுற்றினாலும், வாரத்தில் குறிப்பிட்ட வேளைகளில் கிளினிக்குக்குத் திரும்பி வந்து இவர்களைப் பார்க்க வேண்டும். நம் ஊர் பிஜி மாணவருக்கு இது விநோதமாகத் தோன்றும். இங்கே ஓபியில் இன்று பார்த்தவரை அடுத்த மாதம் பார்க்கப்போவது பெரும்பாலும் வேறொருவர்.

மூன்று வருஷத்தில் சொந்த கிளினிக்கில் 1,650 தடவை நோயாளி பார்த்திருக்க வேண்டும் என்று வெகுநாள் விதி இருந்தது. கடைசி வருஷத்தில் ரெசிடென்டுகள் அந்த எண்ணைத் துரத்துவார்கள். எண்ணைத் துரத்தினால் என்ன நடக்கும்? சளி, காது வலி என்று சட்டென்று முடிகிறவர்கள் வந்தால் சந்தோஷம். பேச ஆரம்பித்தால் அழுகிற அம்மா வந்தால் வயிற்றைக் கலக்கும். 2023ல் விதியை மாற்றி, தலைக்கணக்குக்குப் பதிலாக ஆயிரம் மணி நேரம் என்று வைத்தார்கள். மணிக்கணக்கு வந்ததால் மட்டும் அழுகிற அம்மாவுக்கு நேரம் கிடைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் பழையதற்கு இது தேவலை.

பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒரு கிளினிக் வேளை இப்படிப் போகும். ரெசிடென்ட் அறைக்குள் நோயாளியைப் பார்த்துவிட்டு வெளியே வருவார். தாழ்வாரத்து ஓரத்தில் ஒரு சின்ன அறை, அதில் மூத்த டாக்டர் ஒருவர், அதிகம் போனால் நான்கு ரெசிடென்டுகளுக்கு ஒருவர். ரெசிடென்ட் நின்றபடியே ஒப்பிக்கிறார்: 58 வயது, சர்க்கரை, மூன்று மாதச் சராசரி ஏறியிருக்கிறது, மருந்தைக் கூட்டலாமா? மருத்துவமனை வார்டாக இருந்தால் உரையாடல் மருந்தின் பெயரில் ஆரம்பித்து அதிலேயே முடிந்துவிடும். இங்கே மூத்தவர் கேட்பார்: “ராத்திரி வேலைக்குப் போகிறாரா? சாப்பாடு எத்தனை மணிக்கு? இன்சுலினை எங்கே வைக்கிறார், வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுகிறதா?” ரெசிடென்ட் முழிப்பார். “போய்க் கேட்டுவிட்டு வா.” திரும்ப அறைக்குள். இந்த ‘திரும்ப அறைக்குள்’தான் மூன்று வருஷப் பயிற்சியின் பெரும்பகுதி.

இதுவும் வந்தவரைப் பற்றித்தான். வராதவரைப் பற்றி எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அதற்குத்தான் நான் எட்டு வாரமாக இந்தத் தொடரைச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

பிராங்க்ஸுக்கு முன்னால் தென்னாப்பிரிக்கா. 1940ல் அங்கே நேட்டால் மாகாணத்தில், டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில், ஃபோலேலா என்ற இடத்துக்கு ஒரு இளம் தம்பதி போனார்கள். சிட்னி கார்க், எமிலி கார்க், இருவரும் டாக்டர்கள். கூட எட்வர்ட் ஜாலி என்ற மருத்துவ உதவியாளர், அவர் மனைவி அமேலியா ஜாலி என்ற நர்ஸ், உள்ளூரிலிருந்து எடுத்த சுகாதார உதவியாளர்கள். சுற்றிலும் ஜூலு குடியிருப்புகள். ஓபியைத் திறந்து வைத்தார்கள், கூட்டம் வந்தது. அதோடு நிற்காமல் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். எந்த வீட்டில் எத்தனை பேர், என்ன சாப்பிடுகிறார்கள், எத்தனை குழந்தைகள் பிறந்து எத்தனை செத்தன, வீட்டு ஆண் எங்கே. ஆண் பெரும்பாலும் இருக்கமாட்டார். சுரங்கத்துக்கோ நகரத்துக்கோ கூலிக்குப் போயிருப்பார், வருஷத்தில் சில வாரம் வருவார், காசநோயும் மேகநோயும் கூடவே வரும். மேகநோய் பரவியதைச் சுரங்கக் கூலி முறையோடு சேர்த்து வைத்து சிட்னி கார்க் 1949ல் எழுதிய கட்டுரை இன்றைக்கும் பொது சுகாதார வகுப்பில் படிக்க வைக்கப்படுகிறது.

கணக்கெடுத்ததில் தெரிந்தது, ஓபியில் வந்து நிற்கிற நோய்களுக்கும் ஊரில் இருக்கிற நோய்களுக்கும் நிறைய வித்தியாசம். பெரிய நோய் பசி. ஆகவே காய்கறித் தோட்டம் போட்டார்கள், விதை கொடுத்தார்கள், குப்பை மக்கவைக்கக் கற்றுக்கொடுத்தார்கள், கக்கூஸ் குழி வெட்டினார்கள். தொடக்கத்தில் ஆயிரம் குழந்தைகளுக்கு 275 ஆக இருந்த சிசு மரணம் பத்து வருஷத்துக்குள் நூறு அளவுக்கு இறங்கியது. நூறும் கொடுமைதான். ஆனால் தோட்டத்தாலும் நடையாலும் இறங்கியது.

1944ல் ஹென்றி குளக்மன் தலைமையிலான ஆணையம் இந்த மாதிரி 400 மையங்கள் நாடெங்கும் வேண்டும் என்றது. 1948ல் நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அப்புறம் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் டர்பனில் வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்கென்று 1951ல் மருத்துவக் கல்லூரி திறந்தது. ஜூலு பிள்ளைகளும், கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன நம்மவர்களின் பேரப்பிள்ளைகளும் படித்த கல்லூரி. ஸ்டீவ் பைக்கோ 1966ல் சேர்ந்ததும் இங்கேதான். குடும்ப மருத்துவம் என்ற பெயரைத் தாங்கிய ஒரு துறை அங்கே இருந்தது, அதன் முதல் பேராசிரியர் சிட்னி கார்க். 1958ல் தம்பதி நாட்டைவிட்டே கிளம்பினார்கள்.

கிளம்புவதற்குச் சற்று முன்னால், 1957ல், ஒரு அமெரிக்க மாணவர் அவர்களிடம் வந்து சில மாதம் இருந்தார். ஜாக் கைகர். இந்த மனிதருக்குத் தனித் தொடரே போடலாம். பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டைவிட்டு ஓடி, ஹார்லெமில் கனடா லீ என்ற கறுப்பின நடிகரின் வீட்டில் தங்கியவர். போர்க்காலத்தில் வணிகக் கப்பலில் வேலை பார்த்தார், கறுப்பினத்தவர் கேப்டனாக இருந்த கப்பல். சிகாகோவில் படிக்கும்போது மருத்துவமனையின் நிறப் பாகுபாட்டை எதிர்த்துப் போராட்டம் நடத்தியதால் மருத்துவக் கல்லூரிக் கதவுகள் சாத்திக்கொண்டன. பல வருஷம் பத்திரிகைக்காரராக இருந்துவிட்டு (இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் தனிப் பாசம்) 1954ல்தான் வெஸ்டர்ன் ரிசர்வில் இடம் கிடைத்தது. ஆமாம், மேலே சொன்ன மில்லிஸ் தலைவராக இருந்த அதே பல்கலைக்கழகம். அங்கே 1952 முதல் ஒரு வழக்கம்: முதலாண்டு மாணவருக்கு ஒரு கர்ப்பிணியை ஒப்படைப்பார்கள். பிரசவத்துக்குக் கூடப் போக வேண்டும், பிறந்த குழந்தையைத் தொடர்ந்து பார்க்க வேண்டும், வீட்டுக்கும் போய் வர வேண்டும். நம் நாட்டில் 2022 வாக்கில் எம்பிபிஎஸ் மாணவர்களுக்குக் குடும்பங்களைத் தத்துக் கொடுக்கிற திட்டம் வந்ததே, அதைப் புதுமை என்று எழுதிய பத்திரிகைகளில் நம்முடையதும் உண்டு.

கைகர் ஃபோலேலாவில் பார்த்ததை மறக்கவில்லை. 1965ல் பாஸ்டனில் ஒரு சமூக மருத்துவ மையம், 1967ல் மிசிசிப்பி டெல்டாவில், மவுண்ட் பாயூ என்ற ஊரில் இன்னொன்று. மவுண்ட் பாயூ, அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் 1887ல் தாங்களே கட்டிய ஊர். சுற்றிலும் பருத்தி. அறுவடைக்கு இயந்திரம் வந்து, களைக்கொல்லி வந்து, வயலில் இருந்தவர்கள் வேலையில்லாமல் நின்ற காலம். குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு வந்தன, மருந்து கொடுத்தால் சரியாகிப் போயின, சில வாரத்தில் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தன. டாக்டர்கள் மருந்துச் சீட்டில் உணவை எழுத ஆரம்பித்தார்கள். பால் இத்தனை, காய்கறி இத்தனை, இறைச்சி இத்தனை. உள்ளூர் மளிகைக் கடைக்காரர்கள் சீட்டை வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுப்பார்கள், பில் மருத்துவ மையத்தின் மருந்துக் கணக்கில் ஏறும்.

செய்தி மேலிடத்துக்குப் போனது. மருந்துக்குக் கொடுத்த பணத்தில் மளிகையா என்று கேட்க வாஷிங்டனிலிருந்து அதிகாரி வந்தார். கைகர் சொன்ன பதில், நான் கடைசியாகப் பாடப்புத்தகத்தைப் பார்த்தபோது, ஊட்டச்சத்துக் குறைவுக்குக் குறிப்பான மருந்து உணவு என்றுதான் போட்டிருந்தது என்ற பொருளில். அதிகாரி திரும்பிப் போய்விட்டார்.

சீட்டு எழுதுவதோடு விட்டிருந்தால் அது தர்மம். ஜான் ஹாட்ச் என்ற சமூகப் பணியாளர் உள்ளூர்க்காரர்களைத் திரட்டி ஒரு விவசாயக் கூட்டுறவைத் தொடங்க உதவினார். பருத்திக் கூலிகள் காய்கறி பயிரிட்டார்கள். மையத்தின் ஆட்கள் கிணறு தோண்டினார்கள், கழிப்பறை கட்டினார்கள், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தார்கள். அந்த வருஷங்களில் அங்கே வேலை பார்த்த இளம் டாக்டர் காலையில் ஓபியில் பார்த்த வயிற்றுப்போக்குக் குழந்தையின் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்திருப்பார். பாடத்திட்டத்தில் இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இப்போது பிராங்க்ஸ். மான்டிஃபியோர் ரெசிடென்சியைத் தொடங்கிய ஹரால்ட் வைஸ், அதற்கு முன்பே தெற்கு பிராங்க்ஸில் மார்ட்டின் லூதர் கிங் பெயரில் ஒரு மருத்துவ மையத்தை உருவாக்கியிருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்களையே குடும்ப சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்த இடம். ரெசிடென்சியில் முதலில் குழந்தை மருத்துவமும் உள்மருத்துவமும் இருந்தன, பிறகு குடும்ப மருத்துவமும் சேர்ந்தது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இன்றும் சமூக மருத்துவ அறிமுகத்துக்கென்றே ஒரு மாதம் ஒதுக்குகிறார்கள். தெருத் தெருவாக நடக்க வைக்கிறார்கள், உள்ளூர் அமைப்புகளைச் சந்திக்க வைக்கிறார்கள். படிப்பு முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஒரு சமூக மருத்துவப் பணியைச் செய்து காட்ட வேண்டும்.

அந்த ரெசிடென்சி பிறந்த 1970 கோடையில் நியூயார்க்கில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கிழக்கு ஹார்லெமில் காசநோய் பார்க்க மாநகராட்சியின் எக்ஸ்ரே வண்டி வரும். வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாத நேரத்தில் வரும், போய்விடும். ஜூன் மாதத்தில் யங் லார்ட்ஸ் என்ற போர்ட்டோ ரிக்க இளைஞர்கள் அந்த வண்டியையே கைப்பற்றித் தங்கள் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வரிசை நின்றது. நூற்றுக்கணக்கானவர்கள் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் மாநகராட்சி, வாரம் ஏழு நாளும் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரமும் வண்டியை ஓட்டச் சம்மதித்தது. அடுத்த மாதமே, ஜூலை 14 அன்று, அதே இளைஞர்கள் தெற்கு பிராங்க்ஸின் லிங்கன் மருத்துவமனைக் கட்டடம் ஒன்றை ஆக்கிரமித்தார்கள். வீடு வீடாக வந்து பார்க்கிற சுகாதார சேவை அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. ஜூலைதான் அமெரிக்காவில் புது ரெசிடென்டுகள் வேலைக்குச் சேர்கிற மாதம். வெள்ளைக் கோட்டு மடிப்புக் கலையாமல் வந்த பிள்ளைகளுக்கு என்ன வரவேற்பு!

வராதவர்களைத் தேடிப்போகிற வேலை இன்றைய கிளினிக்குகளில் சத்தமில்லாமல் நடக்கிறது. ரெசிடென்டின் பட்டியலைக் கணினியில் போட்டு, சர்க்கரை உள்ளவர்களில் பல மாதமாக ரத்தம் பார்க்காதவர் யார், தடுப்பூசி தவறிய குழந்தை எது என்று பிரித்துக் கொடுப்பார்கள். ரெசிடென்டும் சுகாதாரப் பணியாளரும் உட்கார்ந்து ஒவ்வொருவருக்காகப் போன் போட வேண்டும். எண் மாறியிருக்கும், வீடு மாறியிருக்கும், எடுத்தாலும் “இப்ப வேலையில இருக்கேன்” என்று வைத்துவிடுவார்கள். வார்டில் உயிரைக் காப்பாற்றுகிற சாகசம் இதில் கிடையாது. பிடிக்காமல் போகிறவர்கள் உண்டு. அவர்களை இந்தப் பயிற்சிக்குள் இழுத்து வைத்திருப்பது எப்படி என்பதற்கு நல்ல பதில் யாரிடமும் இருப்பதாக நான் படித்ததில்லை.

பணத்தைப் பற்றிச் சொல்ல இடமில்லை. அமெரிக்காவில் ரெசிடென்சிக்கான அரசுப் பணம் பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குத்தான் போகிறது. சமூக மருத்துவ மையத்திலேயே பயிற்சி கொடுக்க 2010ல் வந்த சட்டம் தனியாகப் பணம் ஒதுக்கியது, ஆனால் பல வருஷம் அதைத் துண்டு துண்டாகத்தான் நீட்டித்தார்கள். அடுத்த ஜூலையில் ஆள் எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நேர்காணல் நடத்திய இயக்குநர்கள் உண்டு. மாசசூசெட்ஸில் லாரன்ஸ் என்ற பழைய ஆலை நகரம் இந்தப் பணம் வருவதற்கு வெகுமுன்பே, 1994லேயே, டாக்டர்கள் வந்து தங்குவதில்லை என்று அலுத்துப்போய்த் தன் மருத்துவ மையத்தில் தானே ரெசிடென்சி தொடங்கியது. மூன்று வருஷத்தை நான்காக நீட்டியது, நோயாளிகளோடு பேச ஸ்பானிஷும் கற்றுக்கொள்ள வைத்தது.

ஜூன் மாதம் மூன்றாமாண்டு ரெசிடென்ட் போகும்போது அந்தப் பட்டியல் யார் கைக்குப் போகிறது என்று போன வாரமே கேட்டிருந்தார்கள் சிலர். அதுவும் லாரன்ஸும் அடுத்த வாரம்.